ஒரு வீட்டுக்கு ஒரு தாள்

கீழ்த்தளத்தில் மேசை போட்டிருந்தார்கள்.
மேசைமேல் எங்கள் புளோக்,
முழங்கை உயரத்தில் மூன்று தடவை:
ஏ, பி, சி.
மூன்றிலும் ஆள் இல்லை,
கழியில் துணி இல்லை, லிஃப்டுக்குள் வாடை இல்லை.
பஞ்சில் செய்த மரங்கள் மட்டும்
எங்கள் மரங்களைவிடச் செழிப்பு.

நகர மன்றத்துப் பிள்ளை, கழுத்தட்டையில் வெய் ஜியே,
"உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்றான்.
நல்ல பையன். வியர்த்திருந்தான்.
எதற்குக் கருத்து?
சாயத்துக்கு.
ஏ என்றால் ஆரஞ்சு, பி என்றால் நீலம்,
சி என்றால் சாம்பலில் ஒரு மஞ்சள் கோடு.

எனக்கொன்று, ரோக்கியாவுக்கொன்று கொடு தம்பி என்றேன்.
பட்டியலில் விரல் ஓட்டினான்.
"ஒரு வீட்டுக்கு ஒரு தாள், ஆன்ட்டி."

ஒரு வீடுதான்.
தெலுக் பிளாங்கா, ஆறாம் மாடி, ஓரறை, வாடகை.
அவள் யாரோ, நான் யாரோ.
தனி ஆளுக்குத் தனி வீடு கிடையாது என்று
ஒரு கவுண்டரில் எங்களைச் சேர்த்துவைத்தார்கள்.
மாலை மாற்றவில்லை, அவ்வளவுதான் பாக்கி.
நடுவில் அவளுடைய அலமாரி நிற்கிறது,
முதுகு என் பக்கம்.
நான்கு வருடமாய் அந்த முதுகில்தான்
என் நாள்காட்டி தொங்குகிறது.
அவள் இருமினால் எனக்கு மணி தெரியும்.
ராத்திரி வேலை முடிந்து நான் சாவியைத் திருப்பினால்
அவளுக்குத் தொழுகை நேரம்.
பேச்சு?
தண்ணீர் பில். காஸ் தீர்ந்தது. பூனை வந்து போனது.

அன்று தாளோடு
அலமாரியைச் சுற்றி நடந்தேன். ஏழு எட்டு.
ரோக்கியா கட்டிலில் இடம் ஒதுக்கினாள்.
கண்ணில் புரை அவளுக்கு;
நீலமும் சாம்பலும் ஒன்றுக்குள் ஒன்று.
எது நல்லது என்று மலாயில் கேட்டாள்.
பூசுவது வெளியே, இருப்பது உள்ளே,
எதுவானால் என்ன என்றேன்.
"அப்படியானால் பஸ்ஸில் போகிறவர்களை அல்லவா
கேட்டிருக்க வேண்டும்?"
சிரித்தோம்.
அந்த வீட்டுக்கு அது புதுச் சத்தம்.
பல்லி ஓடி ஒளிந்தது.

அடியில் ஒரு வரி இருந்தது: வேறு கருத்துகள்.
அரை விரல் அகலம்.
நான் தயங்கியதை
அவள் சொன்னாள்,
அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்:
எங்களுக்கு நடுவில் ஒரு சுவர் வேண்டும்.
கதவு வைத்தது.
ஒருத்தி உடை மாற்ற. ஒருத்தி அழ.
இடம் போதவில்லை.
எழுத்து ஓரத்தில் ஏறி, வளைந்து,
நீலக் கட்டடத்தின் மொட்டைமாடியில் போய் முடிந்தது.
தோளோடு தோள் இடித்துக்கொண்டு
சுவர் கேட்டோம்.

பி-யில் கோடு போட்டோம்.
சி வந்தது.
கைப்பேசிக்கு நன்றி வந்தது.
சுவரைப் பற்றி
உண்டென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை.

மழை விட்ட ஒரு காலையில்
தொங்கு தொட்டியில் ஏறி வந்தார் சாயக்காரர்,
எங்கள் சன்னலுக்கு நேரே,
கண்ணாடியில் விரல்முட்டியால் இரண்டு தட்டு.
"ஆன்ட்டி, துணி எடுக்கிறீங்களா?
சன்னல் சாத்தலாமா?"
கேட்டார். நின்றார்.
கயிற்றில், காற்றில், கையில் வாளியோடு,
ரோக்கியாவின் பாஜு குரோங்கும் என் சீருடையும்
ஒவ்வொன்றாய் உள்ளே வரும்வரை.
அவள் ஒரு மைலோ கலக்கி நீட்டினாள்.
வேண்டாமென்று தலையசைத்தவர்
பிறகு வாங்கிக்கொண்டார்.
கோப்பையின் பிடியில்
ஒரு சாம்பல் விரல் இன்னும் இருக்கிறது, தேய்த்தும் போகவில்லை.

மஞ்சள் கோடு சரியாக எங்கள் மாடியில் ஓடுகிறதாம்,
எதிர் புளோக்கில் சொன்னார்கள்.
நேற்று ரோக்கியா கண் ஆஸ்பத்திரிக்குப் போய்
பஸ்ஸில் திரும்பினாள்.
அலமாரிக்கு அப்பாலிருந்து குரல் வருகிறது:
"பார்த்தேன். நீலம்தான்.
நாம் கேட்ட நீலமேதான்."