தண்ணீர் 417

கட்டுநாயக்கவில் சுங்கத்தார் கேட்டார்:
உள்ளே என்ன?
ஒன்றுமில்லை என்றேன். பிறகு, படிகங்கள் என்றேன்.
ரத்தினமா?
சட்டையில் ஹெட்டிகொட என்று பெயர் குத்தியிருந்தது.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன்:
சீனிக் குறுணியிலும் சின்னது,
நைதரசன் குளிரில் பத்து நாள் தாங்கும்,
இன்றைக்கு ஆறாம் நாள்.
பெறுமதி என்ற கட்டத்தில்
அவரே ஒரு பூச்சியம் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

போன பன்னிரண்டில்
ஏழுக்குப் பனி பிடித்தது, நாலு நொறுங்கியது.
ஒன்று,
கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு வளையத்தில்,
எக்ஸ்கதிரை ஒழுங்காகச் சிதறியது.

இப்போது வெள்ளவத்தை, நாலாம் மாடி, சித்திரை.
கரண்ட் இல்லை. லப்டொப்பில் நாற்பது வீதம்.
இருட்டில் நீலக் கம்பிவலையாய்த் தொங்குகிறது
இலத்திரன் அடர்த்தி.
கனமிருக்கும் இடமெல்லாம் புடைத்து,
கரைக்கு இன்னும் இழுபடாத வலை.

பாடநூல் இதைச் சப்பரோன் என்று எழுதிவிட்டு நகர்ந்தது.
நான் தோழி என்கிறேன்.
ஷிஃபானா சிரிப்பாள்:
உங்கட ஆக்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு தோழி வேணும்.
வேலை அதுதானே.
இப்போதுதான் பிறந்த நீள் சங்கிலி
தன் வடிவம் தெரியாமல் தத்தளிக்கையில் கூடவே நின்று,
கண்டதோடும் ஒட்டிவிடாமல் பார்த்து,
மடிய வேண்டியபடி மடியும் மட்டும் பொறுத்து,
சொல்லாமல் விலகுவது.
வெக்கை ஏறினால் இவளும் பெருகுவாள்.

சிக்கல் என்னவென்றால்
இவளுக்கு ஆள் பார்க்கத் தெரியாது.
மகரகமவில், பதினாலாம் கட்டிலில், ஒருத்தியின் மார்பில்
அடங்காமல் பெருகும் கலத்துக்கும்
இதே கை, இதே பொறுமை.

ஆகவே இந்த மருந்து.
மருந்து என்று இன்னும் சொல்லக்கூடாது. தடுப்பான்.
ஏ.ரீ.பி. வந்து அமரும் குழியில்
அதே கதிரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
தொண்ணூற்று மூன்றாம் அஸ்பார்ட்டேற்று
அதன் ஒரு ஐதரசனைப் பிடித்திருக்கிறது,
நெரிசல் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல,
இல்லை,
லொக்கருக்குள் திரும்பிய சாவி போல,
அதுவும் இல்லை.
எந்த உவமை போட்டாலும்
தூரம் இரண்டு தசம் ஏழு அங்ஸ்ட்ரம்.

மூடி மூடவில்லை.
நூற்றைந்து முதல் நூற்றுப்பதின்மூன்று வரை
வலையில் எதுவுமே இல்லை.
இல்லாமல் போகவில்லை, அசைந்துகொண்டிருக்கின்றன,
அதனால் தெரியவில்லை.
தெரியாததைக் கட்டாதே என்பது விதி.
கோப்பின் தலைப்பில் அவற்றுக்கு ஒரு பட்டியல் உண்டு:
காணாமற்போனவை.
பெயரும் எண்ணும் மட்டும்.
ஒன்பது வரிகள்தான்.
டைப் பண்ணுகையில், இந்த ஊரில்,
விரல் கொஞ்சம் நின்றுதான் போகிறது.

குழியின் அடியில் முன்பு நாலு தண்ணீர் இருந்ததாம்.
தடுப்பான் மூன்றைக் கிளப்பிவிட்டது.
மிச்சம் இருக்கிறதோ என்னவோ ஒன்று, 417,
மூன்று சிக்மாவுக்குச் சற்றுக் கீழே
ஒரு பச்சைக் குமிழ்.
திங்கட்கிழமை எடுத்தேன்.
புதன்கிழமை வைத்தேன்.
வெள்ளி எடுத்தேன்.
அது அங்கே இருந்தால்
இந்தப் பிடி ஏன் இத்தனை இறுக்கம் என்று
ஒரு பந்தி எழுதலாம்.
இருந்தால் நல்லாயிருக்கும் என்பது
இருப்பதற்குக் காரணமில்லை.

கழுத்திலிருந்து வியர்வை விசைப்பலகையில் விழுகிறது.
முப்பத்து மூன்று பாகை.
எனக்குள்ளும் இந்நேரம் அவள் பெருகிக்கொண்டிருப்பாள்,
குழி திறந்தபடி,
யாரும் உட்காராத கதிரையோடு,
நான் ஒரு படத்தில் அவளைப் பூட்டிவைத்துப் பார்ப்பது
தெரியாமல்.

கீழே பாணந்துறை ரயில்
ஜன்னல் கண்ணாடியை உலுக்கிவிட்டுப் போகிறது.
பதினொரு வீதம்.

ஷிஃபானாவின் மெசேஜ்: போட்டியா?
போட்டன்.
திரும்ப எடுப்பியா?