ஐம்பது சென்ட் கை

வூப்பர்டாலில் தொங்கு ரயிலுக்குக் கீழே சந்தை.
மழை நின்ற பிறகும் இரும்புப் பாதை சொட்டும்.
யாரும் குடை விரிப்பதில்லை,
பெட்டி கிளற இரண்டு கையும் வேண்டும்.

ஹெல்கா ப்ரிங்க்மன் விற்பது
கீறல் விழுந்த சின்ன இசைத்தட்டுகள்,
செவ்வாய்க்குப் போய்த் திரும்பாதவர்களின்
மலிவுக் கதைகள், அட்டை கிழிந்திருந்தால் ஒரு யூரோ.
விற்காதது ஒன்று, மேசை நடுவில்:
தகர ரோபோ. இடக்கை இல்லை.

அந்தக் கை என்னிடம் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்
பொத்தானும் துருச்சாவியும் கிடந்த சிகரெட் டப்பாவில்
ஐம்பது சென்ட் கொடுத்து எடுத்தது.
எதன் கை என்று தெரியாமலே
இரவு வேலைக்குப் போகும் பையில் வைத்திருந்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

நீட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டாள்.
"எவ்வளவு?"
"ரோபோ எவ்வளவு?"
இருவருமே விலை சொல்லவில்லை.
தலைக்கு மேல் ஒரு ரயில் போனது, இன்னொன்றும்.

இப்போது அது ஆறு மாதம் அவள் வீட்டில்,
ஆறு மாதம் என் சமையலறையில், அரிசி டப்பா பக்கத்தில்.
சாவி கொடுத்தால் இடப்பக்கமாகவே வளைந்து நடக்கிறது;
இத்தனை காலம் இல்லாத கனம்.

இந்த ஏப்ரலில் அவள் ஒப்படைத்த பையில்
கூடவே ஓர் இசைத்தட்டு.
சுழலவிட என்னிடம் பெட்டி இல்லையே என்றேன்.

"அது அக்டோபரில்" என்றாள்.