வரைவு

பதினோரு பெயர்கள்.
அகர வரிசையில் இல்லை, ஊழியர் எண் வரிசையில்.
ஏழாவதாக ஹிதாயா பிந்தி ரம்லி.

"தங்கள் ஒப்பந்தம் இம்மாத இறுதியுடன் நிறைவுறுகிறது,
அதைப் புதுப்பிக்கும் எண்ணம் நிறுவனத்துக்கு இல்லை."
இந்த வாக்கியம் நான் எழுதியது.
போன வருடம், வேறு யாருக்காகவோ.
வக்கீல் ஒரு கமாவை மட்டும் நகர்த்தினார்.
நீக்கம் என்ற சொல் அதில் கிடையாது.
வயிறு என்ற சொல் வரவே வராது.

நாலு மாதம்.
கோப்பில் படித்ததல்ல.
போன வெள்ளிக்கிழமை செம்பவாங்கில்
எங்கள் புளோக்குக்குக் கீழே
பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின் செருப்பு அடுக்கருகே
குனிந்தவள் நிமிர நேரமெடுத்தாள்.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
"ஆபீசில் இன்னும் சொல்லலை."
"நான்தானே ஆபீஸ்" என்றேன்.
இரண்டு பேரும் சிரித்தோம்.
எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் முடியவில்லை,
தொண்டையில் நிற்கிறது.

திரு கோவிடம் கேட்டேன், ஏழாவது பெயர் ஏன் என்று.
"ஹெட்கவுண்ட்" என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
தலைகளை எண்ணுகிறார்கள், சரி.
ஒரு உடம்பில் இரண்டு தலை இருந்தால்
எத்தனை என்று எழுதுவது?
கேட்கவில்லை.
அவருக்குத் தெரியாது.
தெரியாமல் இருப்பதில் எங்கள் பிரிவு கெட்டி.
நான் சொன்னால் அது அவளைக் காக்குமா,
இல்லை கோப்பில் இன்னொரு காரணமாய் உட்காருமா?

என் கோப்பையும் திறந்து பார்த்திருக்கிறேன், ஒருநாள்,
எல்லாரும் சாப்பிடப் போன பிறகு.
பிள்ளை விடுப்பு ஆறு நாள்.
ஏப்ரலுக்குள் ஆறும் தீர்ந்தது,
நிலானிக்குக் கை கால் வாய்ப்புண்.
ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
யார் போட்டதோ.

ஆறு எட்டுக்கு அம்புக்குறி "அனுப்பு" மேல் நின்றது.
ஆறு பத்துக்குக் கிளம்பினால்தான்
பாய லேபார், பீஷான், செம்பவாங், ஏழு.
ஏழைத் தாண்டினால்
ஒவ்வொரு கால் மணிக்கும் ஐந்து வெள்ளி.
வரைவாகச் சேமித்துவிட்டு ஓடினேன்.
மனசாட்சி என்று சொல்லிக்கொள்ளலாம்.
ரயில்தான் காரணம்.

மார்ச்சில் இதே பீஷானில் ரயில் நின்றபோது
நாற்பது நிமிடம், கைப்பேசியில் நாலு சதவீதம்,
ஒரே ஒரு செய்திதான் அனுப்ப முடிந்தது.
அதை ஹிதாயாவுக்கு அனுப்பினேன், கணவருக்கு அல்ல.
போய்ச் சேர்ந்தபோது அவள் வீட்டுத் தரையில்
இர்ஃபானோடு ஒரே தட்டில் நிலானி.
"அம்மா, இங்கே முட்டை நம்ம வீட்டைவிட நல்லா இருக்கு."

இன்று ஆறு ஐம்பத்தேழு.
நிலானியின் செருப்பு
இடது இடப்பக்கம், வலது வலப்பக்கம்,
வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது.
"நாளைக்கு லேட்டாகுமா? சொல்லு, நான் கூட்டிக்கிறேன்."

லேட்டாகும்தான்.
பதினோரு பேரை ஒவ்வொருவராய்
சின்ன அறைக்குள் அழைத்து
டிஷ்யூப் பெட்டியை அவர்கள் பக்கம் தள்ளவேண்டிய நாள்.

"உட்காரலாமா கொஞ்சம்" என்றேன்.
சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை.
பிள்ளைகள் தூணைச் சுற்றி ஓட
நான் சுற்றாமல் சொன்னேன்:
டாக்டர் கடிதம் இருக்கா?
படமெடுத்து, இன்று ராத்திரியே, திரு கோவுக்கு.
எனக்கும் ஒரு நகல்.
தேதியும் நேரமும் விழட்டும்.
ஏன் என்று என்னைக் கேட்காதே.

அவள் என் முகத்தை வெகுநேரம் படித்தாள்.
மேசைக்கடியில் அவள் கை வயிற்றுக்குப் போனது.
பிறகு கைப்பேசியை எடுத்தாள்.
"முதல் வரி நீ சொல்லு."

சொன்னேன்.
காலையில் எழுதியதும் இதே கைதான்.
இது போதுமா, தெரியாது.
நாளை எட்டரைக்கு அந்த வரைவு என்ன ஆகும்,
பென்சில் கேள்விக்குறி பேனாவாகுமா, தெரியாது.

நிலையத்தில் விளக்கணைத்தார்கள்.
கட்டைவிரலால் தட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தி
"கமா இங்கேயா?" என்றாள்.
"வேண்டாம்" என்றேன்,
"முற்றுப்புள்ளி வை.
அடுத்த வரியை 'நான்' என்று ஆரம்பி."