இருநூற்றுப் பதினேழாம் எபிசோட்

ஏழரைக்கு ஆறாம் காம்பராவில் பேய் வரும்.
செத்துப்போன சின்ன மருமகள்.
நெற்றிச்சுட்டி, பட்டுச்சேலை, சலங்கை.
செத்த பிறகு இதையெல்லாம் யார் போட்டுவிட்டது என்று
ஒருவரும் கேட்பதில்லை.
அது பரவாயில்லை.

புஸ்பகாந்தி மட்டும் கணக்கு வைப்பாள்.
ஈரக் கொழுந்தென்று இரண்டு கிலோ கழிக்கிறவனுக்கே
விரல் மடக்கி எண்ணிக் காட்டுகிறவள்.
"எலுமிச்சங்காயத் தாண்டாதுன்னு
நூத்தி நாப்பதுல சொன்னானுக.
இன்னைக்கு ஊறுகாயே போடுது பாரு."

நாங்கள் சிரித்தோம்.
மாணிக்கம் கக்கும் பாம்பை நம்பினோம்.
அந்தப் பாம்பின் இரட்டைச் சகோதரியையும்.
ஒரு இடிக்கு மூன்று முறை திரும்பும் முகங்களை நம்பினோம்.
மாமியார் தனக்கு முன்னால்
மருமகளுக்குச் சோறு போட்ட அன்றுதான்
"சும்மா கத விடுறானுக" என்று
எழும்பிப் போனாள் சவரியம்மா.

புஸ்பகாந்திக்குத் தீராத சந்தேகம் ஒன்று:
சுவத்துக்குள்ளால வாற பேய்
எதுக்குக் கதவத் தட்டுது?

பின்சுவரில் எங்களுக்கு ஒரு வெடிப்பு இருந்தது.
ஐப்பசியில் வந்த அதிகாரி
அதன் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றை ஒட்டி
பென்சிலால் தேதி எழுதினார்.
இது உடைந்தால் இங்கே இருக்கக் கூடாது.
எங்கே இருப்பதென்பது அவர் கதையில் இல்லை.
கார்த்திகையில் உடைந்தது.
மேலே முருகன் கலண்டரை மாட்டினோம்,
படுத்தோம்.
லாஜிக் பார்த்தால்
லயத்தில் ஒருவருக்கும் தூக்கம் வராது.

இருநூற்றுப் பதினேழில்
பேய் கதவருகே நின்று கையைத் தூக்கியது.
தட்டியது.
கரண்ட் போனது.
மஸ்கெலியாப் பக்கம் முழுக்க இருட்டு, மழை.
"யாரு தொறந்திருப்பா" என்று பேசிக்கொண்டே
பாயை விரித்தோம்.

இரண்டரை மணி இருக்கும்.
தட்டும் சத்தம்.
பிள்ளைகள் போர்வைக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.
நானும் எழும்பவில்லை, பொய் சொல்வானேன்.
புஸ்பகாந்திதான் போய்த் திறந்தாள்.
தலையில் உரச்சாக்கு, கையில் டோர்ச்,
எட்டாம் காம்பரா கிங்ஸ்லி.
"மேல மண் நகருது. பிள்ளைகளத் தூக்குங்க."

பாடசாலை மண்டபத்தில்
மேசைகளைச் சேர்த்துப் போட்டு அறுபது பேர்.
யாரோ ஒருவர் இன்னும்
ஆட்களை எண்ணிக்கொண்டே இருந்தார்.
கொஞ்சம் வெளிச்சம் வந்ததும்
சின்னவன் கேட்டான்:
கரண்ட் போன பொறகு என்னா நடந்துச்சு?

ஈரத்தலையைத் துவட்டாமலே சொன்னாள் புஸ்பகாந்தி:
"உள்ளுக்கு ஆள் தூங்குதில்ல.
அதான் தட்டுது."

"அப்ப அது நல்ல பேயா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. படு."

அடுத்த எபிசோடை நாங்கள் பார்க்கவில்லை.
டிவியும் கலண்டரும் மண்ணுக்குள்.
கீழ்ப் டிவிசனில் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்:
தட்டினது பேயே இல்லையாம்,
வெறும் காற்றாம்.

இருநூற்றுப் பதினேழையும் நம்பிய புஸ்பகாந்தி
இதை நம்பவில்லை.