சாம்பல் மூடி, ஊதா மூடி

ஆடுகிற பல்லாக இருந்தது கிளட்ச்.
மிதித்தால் இறங்கும்,
ஆனால் ஒரு விரற்கடை பக்கவாட்டில் நெளிந்து இறங்கும்.
காலை ஐந்தரைக்கு ஊமச்சிகுளத்தில்
வெறும்வயிற்றோடு சட்டைக்கையைச் சுருட்டிக் காத்திருப்பவர்களிடம்
ரத்தம் எடுக்கப் போகையில்
அது கீச்சிடுகிற கீச்சில்
தெருநாய்கள் ஒவ்வொன்றாக எழுந்திருக்கும்.

செல்லூரில், இரண்டு தறிக்கூடங்களுக்கு நடுவே
சிக்கந்தர் பட்டறை.
ஐஸ்பெட்டியை நிழலில் வைக்கச் சொல்லிவிட்டு
தலை உள்ளே, கால் வெளியே என மல்லாந்தார்.
கொஞ்ச நேரம் டார்ச் வெளிச்சம் மட்டும் அசைந்தது.
அப்புறம் குரல்:
"என்னக்கா இது, ரப்பரு புத்தம்புதுசா இருக்கு,
புஷ்ஷு கோழிமுட்டையாத் தேஞ்சு கெடக்கு.
மிதிக்காமயே எப்படித் தேயும்?"

பதினேழு வருஷ மாருதி.
நான் ஓட்டப் பழகிய பள்ளியே விற்றது.
தெரிந்த வண்டி என்று வாங்கினேன்.
எவ்வளவு சுரண்டியும் பானெட்டில்
அந்தச் சிவப்பு 'எல்' முழுசாகப் போகவில்லை.

சிக்கந்தர் எழுந்து சுற்றிப்போய்
இடப்பக்கக் கதவைத் திறந்தார்.
அங்கே இன்னொரு கிளட்ச், இன்னொரு பிரேக்,
சொல்லிக்கொடுப்பவர் காலுக்கு.
அதில் ரப்பரே இல்லை.
வெறும் இரும்பு,
நடுவில் குழிந்து
கரண்டி மாதிரி மினுங்கியது.
ஓரத்தில் செருப்பு வார் உரசிய ஒரு கோடு.

இரண்டுக்கும் குறுக்கே ஒரே கம்பி.
ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும்.
மிதித்தது எந்தக் கால் என்று வண்டிக்குத் தெரியாது.
என் காலுக்கும் தெரிந்திருக்கவில்லை.

விமலாராணி என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்.
ஜன்னலுக்கு வெளியேதான் பார்ப்பாள்.
வறுகடலை கொறிப்பாள்.
தங்கச்சி வளைகாப்புக்கு எத்தனை இலை என்று
போனில் கணக்குப் போடுவாள்.
தத்தனேரிப் பாலத்தில் மணல் லாரிக்குப் பின்னால்
நின்று, நகர்ந்து, மறுபடி நின்று,
ஒரு தடவைகூட அணையாமல் உச்சி தொட்டபோது
"ஒங்களுக்குத் தானா வருதுக்கா" என்றாள்.
அன்றைக்கு ராத்திரி பாயசம் வைத்தேன்.

லைசென்ஸ் அன்றும் பக்கத்தில் அவள்தான்.
பின்சீட்டில் இன்ஸ்பெக்டர்.
அவள் முகத்தில் பாதித் தூக்கம்.

முதலில் கோபம்தான் வந்தது.
எத்தனை நூறு பேர் அந்த ரப்பரில்
சும்மா பாதத்தை வைத்து எடுத்திருக்கிறோம்.
அப்புறம் ஞாபகம் வந்தது:
வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம்
கதவைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நிற்பாள்,
இடதுகால் தரையை நம்பும் வரைக்கும்.
உடம்பு போட்டுவிட்டது என்று நினைத்திருந்தேன்.

லேபுக்குப் புதிதாக வந்த ஷர்மிளா
முதல் ஊசியிலேயே நரம்பைப் பிடித்தபோது
நோயாளியின் முழங்கைக்குக் கீழே என் கட்டைவிரல் இருந்தது,
நரம்பு நழுவாதபடி.
அவளிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல?

புது புஷ், புது பெடல், ஸ்பிரிங்,
கேபிளில் அரை இஞ்சு இறுக்கம்.
அறுநூற்றைம்பதும் கூலியும்.
"இந்தப் பக்கத்தது சும்மாதான கெடக்கு,
கழட்டிரவா?"
தறி ஓடிக்கொண்டே இருந்தது.
அவர் இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் அதே பாலம்.
பாதி ஏற்றத்தில் மினிபஸ் நின்றது.
நானும் நின்றேன்.
வண்டி பின்னால் ஒரு முழம் போனது,
ஆட்டோக்காரர் என் பரம்பரையை விசாரித்தார்,
எஞ்சின் அணைந்தது.
சாவியைத் திருப்பி
புது ரப்பரின் வரிகள் குதிகாலுக்கு மேலே அழுந்த
மெல்ல விட்டேன். இன்னும் மெல்ல.
எங்கோ ஓரிடத்தில் வண்டி நடுங்கிப் பிடித்தது.
தொடையும்கூட நடுங்கியது.
ஏறிவிட்டது.

இடப்பக்கத் தரையில் இப்போது இரண்டு ஓட்டை.
அது வழியே தார் ஓடுவது தெரிகிறது,
புழுதி வருகிறது.
பெட்டியில் துழாவி
சர்க்கரைக் குழாயின் சாம்பல் மூடி ஒன்றும்
அணுக்கள் எண்ணும் குழாயின் ஊதா மூடி ஒன்றும் எடுத்துச்
செருகிப் பார்த்தேன்.
அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன.

மழை வந்தால் தெரியும்.