நூற்றறுபது வோல்ட்

பொத்தானை அழுத்தினால் ஒரு முனகல்.
தலை பாதித் தூரம் ஓடி வந்து
ஏதோ மறந்துபோனதுபோல் நின்றுவிடுகிறது.
பிறகு செம்மஞ்சள் விளக்கு.
இரண்டு சிமிட்டல், ஒரு இடைவெளி,
இரண்டு சிமிட்டல்.

இரண்டு சிமிட்டினால் கடதாசி சிக்கியிருக்கிறது
என்கிறது கூட வந்த புத்தகம்.
மூடியைத் திறந்து ரோச் அடித்துப் பார்த்தேன்.
ஒரு பல்லிமுட்டைக் கோது.
போன தவணை வினாத்தாளின் ஒரு மூலை,
அதில் "5 புள்ளிகள்" மட்டும்.
அவற்றை எடுத்த பிறகும்
இரண்டு சிமிட்டல்.

அனுஷியா போனில் சொன்னாள்:
"வயரைக் கழட்டி முப்பது எண்ணுங்கோ.
வேற பிளக்கில குத்துங்கோ.
மைப்பெட்டியளை எடுத்துத் திருப்பிப் போடுங்கோ.
அதுக்கும் மசியாட்டி வெயிலுக்க வையுங்கோ."
கடைசியைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
அப்போது இரவு ஏழரை.

முப்பது எண்ணினேன். அறுபதும் எண்ணினேன்.
மஞ்சள் மை கசிந்து
சமைக்காமலே கையில் மஞ்சள் கறை.
குசினிப் பிளக், அறைப் பிளக்,
சட்டை அயன் பண்ணும் பிளக்,
எல்லாவற்றிலும் அதே முனகல்,
அதே பாதித் தூரம்.

தற்செயலாகத்தான் நிமிர்ந்தேன்.
ஃபான் தன் மூன்று இதழ்களையும்
எண்ணக் கொடுத்தபடி சுற்றியது.
பிரிட்ஜ் பக்கத்து ஸ்டெபிலைசரில்
முள் நூற்றறுபதில் சரிந்து கிடந்தது.

உரும்பிராயில் இது வெங்காயக் காலம்.
வேலிக்கு அங்கால்
தவநேசனின் மோட்டர் கிணற்றை உறிஞ்சும் சத்தம்
இவ்வளவு நேரமும் காதுக்குள் இருந்திருக்கிறது,
என் மூச்சைப் போல, கேட்காமலே.

நான் அச்சடிக்க இருந்தது ஒரு முறைப்பாடு.
நாளை காலை ஒன்பதுக்கு, இணக்கசபையில்.
எதிராளி: கந்தையா தவநேசன்.
விடயம்: பங்குக் கிணற்றில்
முறை தவறி மோட்டர் போடுதல்.
வெள்ளிக்கிழமை என் முறை.
(இறைக்க என்னிடம் இருப்பது
நாலு வாழையும் ஒரு கறிவேப்பிலையும்.
அதை எழுதவில்லை.)

நாலு மாதமாகப் பேச்சில்லை.
செருப்பில் செம்மண் அப்ப அப்ப
வரம்பால் நடந்து போய் நின்றேன்.
"ரீச்சரே?" என்றார்
மண்வெட்டியால் வாய்க்காலை மறித்தபடி.
"பிரின்ரர் எழும்புதில்லை. கறண்ட் காணாது.
மோட்டரை ஒரு பத்து நிமிசம்..."

என்ன அடிக்கிறீங்கள் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் வினாத்தாள் என்று
சொல்லத் தயாராய்த்தான் போயிருந்தேன்.
"பாதிப் பாத்தியில நிக்குது" என்றார்,
எனக்கல்ல, தண்ணிக்கு.
பிறகு சுவிற்ச்சின் ஒரு 'டக்'.

அந்த அமைதிக்குள் தவளைகள் இருந்தன.
வீட்டில் பல்ப் வெள்ளையாகியிருந்தது.
தலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
முழுத் தூரமும் ஓடியது, திரும்பி ஓடியது.
பச்சை.

முதற்பக்கம் வந்தது.
அவருடைய பெயர் இன்னும் ஈரமாக இருந்தது,
விரல் பட்டால் அழிந்துவிடும்.
யன்னலால் பார்த்தேன்:
கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து
போன் வெளிச்சத்தில்
காலில் அப்பிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது, போடுங்கோ!" என்று கத்தினேன்.
ஒரு பக்கம்தான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் தாளை அது இழுக்கும்போதே
மோட்டர் உறுமியது.
ஃபான் தளர்ந்தது.
தலை நடுவில் நின்றது.
இரண்டு சிமிட்டல்.

பிடித்து இழுத்தெடுத்தேன்.
கையெழுத்துக் கோடு வரவில்லை. திகதி வரவில்லை.
வந்திருந்தது ஒரு வரியும் முழுசாக இல்லை:

"மேற்படி கிணற்றில் எங்கள் இருவருக்கும்