மூன்றாவது விடைபெறல்

முதல் தடவை என் கணவர் அழுதார்.
பிமுர்ஸாவின் மரம் அறுக்கும் கை
பிள்ளைகளின் தொப்பிக் கயிற்றை
முடிந்து முடிந்து அவிழ்த்தது.
அன்று உஷ்பா மலையை மேகம் விழுங்கியிருந்தது.
விமானம் வரவில்லை.
வழிக்கென்று கட்டிய குப்தாரியை
அங்கேயே பெஞ்சில் தின்றுவிட்டு
வீட்டுக்கு வந்தோம்.

இரண்டாம் தடவை கைகுலுக்கினார்,
மூன்று வயது ஜோகோலாவோடும்,
ஏதோ ஒப்பந்தம் முடிந்ததுபோல.
அன்று காற்று.

மூன்றாம் தடவை
"மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவீர்கள்" என்று
பன்றிகளுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டார்.
பிரசவத்துக்கு நான் துணையிருக்கவேண்டிய தங்கைக்கு
அதற்குள் தலைநகரில் குழந்தையே பிறந்துவிட்டது.
அன்றுதான் விமானம் வந்தது.

பெட்டியை நிறுத்தார்கள், பிறகு எங்களை.
நாஸிப்ரோலா தராசில் ஏறி
மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
கனம் கூடினால் விழுந்துவிடும் என்று
பள்ளியில் எவனோ சொல்லியிருக்கிறான்.
காலையிலிருந்து ஒரு வாய் தொடாததன் காரணம்
அப்போதுதான் விளங்கியது எனக்கு.

எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தேன்:
காது அடைக்கும், கொட்டாவி விடு.
வயிறு கூசும், ஊஞ்சல் என்று நினைத்துக்கொள்.
எனக்கு என்ன தெரியும்?
முப்பத்தோரு வருஷமும்
கீழேயிருந்து பார்த்தவள்தானே.

படியில் ஜோகோலா நின்றான்.
குனிந்து பூட்ஸைக் கழற்றினான்.
யாரும் சொல்லவில்லை;
அடுத்தவர் வீட்டுக்குள் சேற்றோடு போகலாமா?
விமானி சிரிக்கவில்லை.
இரண்டு கையாலும் வாங்கித்
தன் இருக்கைக்குப் பின்னால் வைத்தார்.

ஓடத் தொடங்கியது.
ஜன்னல், திருகாணி, என் பல், எல்லாம் அதிர்ந்தன.
காது, வயிறு, ஊஞ்சல்
ஒன்றும் நினைவில்லை எனக்கு.
என் சுண்டுவிரலை இழுத்து
நாஸிப்ரோலா சொன்னாள்:
"கொட்டாவி விடும்மா."

ஒன்றை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை.
எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம்
இரண்டும் போட்டது போட்டபடி
முற்றத்துக்கு ஓடிக் கையாட்டும்.
விளையாட்டல்ல அது.
கோழி அடைப்பதுபோல
அவர்கள் பொறுப்பில் இருந்த ஒரு வேலை.
"இன்னைக்கு யாரு ஆட்டுவா?"
ஜோகோலாவுக்கு உதடு பிதுங்கியது.
ஆட்டாவிட்டால் இதற்கு வழி தெரியாது,
நாங்களோ உள்ளே.

கீழே, பகைக்குப் பயந்து
பாட்டன் பூட்டன் கட்டிய கல்கோபுரங்கள்
ஆடு கட்டும் முளைக்குச்சி அளவு.
எது எங்கள் கூரை?
எல்லாத் தகரத்துக்கும் ஒரே துரு.
பனி, மரம், மேகத்தில் ஒரு கிழிசல்,
கிழிசலுக்குள் ஒரு புள்ளி.
ஆளா? வைக்கோல் போரா?
அது அசைந்ததா, நாங்கள் அசைந்தோமா?
"அப்பா" என்றாள் நாஸிப்ரோலா,
கடையில் சாமானைச் சுட்டுவதுபோல.
"தவிட்டு வாளியை ஆட்டுறாரு."
நான் பார்ப்பதற்குள்
மலை குறுக்கே வந்தது.

பிறகு சொல்ல அதிகமில்லை.
அவள் இரண்டு பேர் பங்கு ரொட்டி தின்றாள்,
மேலே வந்துவிட்டோம், இனிக் கனம் பரவாயில்லை என்று.
அவன் பக்கத்து இருக்கை நில அளவையாளரின்
கோட்டில் எச்சில் வடியத் தூங்கி,
இறங்கியதைத் தவறவிட்டான்.
தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
பாதி ஊர் தாண்டித்தான் கவனித்தேன்,
வெறுங்கால்.

ராத்திரி தொலைபேசியில் பிமுர்ஸா சொன்னார்,
பூட்ஸ் வந்து சேர்ந்துவிட்டதாம்,
சாயங்கால விமானத்தில்.
எங்களைவிட ஒரு தடவை அதிகம் பறந்துவிட்டது அது.
"காலையில் வெளியே நின்றீர்களா?" என்றேன்.
"யார், நானா? வேலை கிடந்தது" என்றார்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
அப்புறம், ஒரு வாளித் தவிடு வீணாகிவிட்டது என்றார்,
தலையெல்லாம் கொட்டி,
இரண்டு தடவை குளிக்கவேண்டியதாயிற்று என்றார்.